காலடியில் விழுந்த பட்டு

அன்புள்ள சண்முகவடிவுக்கு, தியாகராய நகர்ப் பட்டு மாளிகையின் மூன்றாம் மாடியை ஆளும் உன் கணவன் தனபாலன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்காமல் அலமாரிக்கு அலங்காரமாக வைத்திருப்பாய், தெரியும்.

கிடங்கில் மூட்டை அடுக்கியது போதும், விற்பனைக்குப் போகிறேன் என்று ஐம்பத்திரண்டு வயதில் நானே வாய்விட்டுக் கேட்டேனல்லவா? கொடுத்துவிட்டார்கள். இங்கே சேலையை விற்பவனே தன்மேல் கட்டிக் காட்ட வேண்டும். நேற்று ஒரு கல்யாண வீட்டார் முன்னால் கொசுவம் பிடித்தேன். மூட்டை தூக்கிப் பழகிய விரலுக்கு மடிப்பு எண்ணத் தெரியவில்லை. பட்டு மொத்தமும் நழுவிக் காலடியில் விழுந்தது.

"இன்னா அண்ணாச்சி, பொடவ கட்றியா, கொடி எறக்குறியா?" என்றாள் பெண்ணின் அத்தை.

மாடியே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். பிறகு வேறு சேலை எடுக்கப் போவதுபோல் கிடங்குக்குப் போய், என் பழைய மூட்டைகளோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். ஆடித் தள்ளுபடிக்குள் கை பழகாவிட்டால் மறுபடி கிடங்குதானாம். எனக்கு இது வருமா, வடிவு?

விடுதிப் போர்வையில் பழகுகிறேன். மடிப்பு நிற்கவில்லை. உன் பச்சைச் சுங்குடிச் சேலையை அனுப்பு. துவைக்காதே. நீ கட்டி அவிழ்த்தபடியே சுருட்டி அனுப்பு. துவைத்தால் துணி விறைத்துக்கொள்ளும், அதற்காகத்தான் சொல்கிறேன்.

கடை திறக்கிறார்கள். மாடி ஏறுகிறேன்.

தனபாலன்