யார் வாயையும் பொத்தாத மேடை

அக்டோபர் 7, செவ்வாய்

மாமா விழாவை விற்றுவிட்டார்.

விற்றதற்கான காகிதத்தை நான்தான் அறுபது நகல் எடுத்தேன். காலையில் லைதும்க்ராவில் நான் வேலை பார்க்கும் நகல் கடையின் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையே அதுதான். மாமாவே நேரில் வந்திருந்தார். "ரிதா, சீக்கிரம் எடுத்துக் குடும்மா. சிமெண்ட் கம்பெனிக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க."

விழாவில் பாட வருகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவம். குழுவின் பெயர், எத்தனை பேர், என்னென்ன கருவிகள். நான்காவது கட்டத்தில் இப்படி இருந்தது: 'பாடவிருக்கும் பாடல்களின் முழு வரிகள் (ஒப்புதலுக்காக)'.

ஒப்புதல்!

முப்பது வருடமாக ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் குடும்ப மைதானத்தில் மாமா மேடையேறிச் சொல்வது ஒரே வாக்கியம்: "இந்த மேடையில யார் வாயையும் பொத்தினதில்ல." கூட்டம் கத்தும். சின்ன வயதில் நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இந்த வருடமும் சொல்வார். பின்னால் விளம்பரத் திரையில் சிமெண்ட் மூட்டை சிரித்துக்கொண்டிருக்கும்.

அறுபதாவது நகல் மங்கலாக வந்தது. அதையும் சேர்த்தே கொடுத்தேன். என்னால் முடிந்த எதிர்ப்பு அவ்வளவுதான். தூ.

அக்டோபர் 8

விழாவின் பெயருக்கு முன்னால் கம்பெனியின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி.

அக்டோபர் 12, ஞாயிறு

எங்கள் வீட்டுக் கீழ் அறையில் ஒத்திகை. எங்கள் குழுவில் இரண்டே பேர். ஃபிதாலியா கிட்டார் வாசித்துப் பாடுவாள், நான் டிரம்ஸ். இன்றைக்குப் புதுப் பாட்டு கொண்டுவந்தாள்.

அவள் ஊரை ஒட்டித்தான் அந்தக் கம்பெனியின் சுண்ணாம்புக்கல் குவாரி இருக்கிறது. அவள் அம்மா துவைக்கிற ஊற்று இரண்டு வருடமாகப் பால்போல ஓடுகிறது. 'அம்மா காயப்போட்ட துணியில் மலை வந்து படிகிறது' என்று பாட்டு தொடங்குகிறது. பிறகு, 'இது யாருடைய மலை?' என்று நான்கு தடவை கேட்கிறாள். நான்கு தடவையும் பதிலாகக் கம்பெனியின் பெயரையே பாடுகிறாள். வேறு ஒன்றுமில்லை. ஆனால் நான்காவது தடவை என் குச்சி நழுவியது.

நழுவிய குச்சியை எடுத்துக்கொண்டு நான் சொன்னது இது: "பேரை மட்டும் எடுத்துடலாமாடி?"

"ஏன்?"

"படிவத்துல வரி எழுதணும். பாத்தாங்கன்னா விட மாட்டாங்க."

"அப்ப தூசியைக் கொட்டினது யாரு? சாமியா?"

"எடம் கெடைக்கணும்ல, ஃபிதா."

"நீ அப்படியே உங்க மாமா மாதிரி பேசுற. இன்னும் தொப்பை மட்டும்தான் போடல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 13

படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். கம்பெனியின் பெயர் வரும் இடத்திலெல்லாம் 'அவர்கள்' என்று எழுதினேன். ஃபிதாலியாவிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?

அக்டோபர் 19, ஞாயிறு

ஜாதோ சாப்பாட்டுக் கடையில் பழைய ஆட்கள் நான்கு பேர். முதல் விழாவில் வாசித்தவர்கள். நரைத்த முடியைப் பின்னால் கட்டி, பொத்தான் எட்டாத தோல் சட்டை போட்டுக்கொண்டு, சிவப்புச் சோற்றையும் பன்றிக்கறியையும் முன்னால் வைத்துக்கொண்டு விழாவுக்கு ஒப்பாரி வைக்கிறார்கள்.

"அந்தக் காலத்துல அது விழா. இப்ப பொறந்தநாள் பார்ட்டி."

"கூரெல்லாம் போச்சு, பா. மழுங்கிப் போச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்து கேட்டேன்: "அந்தக் காலத்துல நீங்க என்ன பாடினீங்க?"

பட்டியல் போட்டார்கள். எல்லாமே வெள்ளைக்காரன் காதலியைப் பிரிந்து அழுகிற பாட்டு.

"நம்ம ஊரைப் பத்தி? நிலக்கரிக் குழியில செத்தவங்களைப் பத்தி? எதையாவது எதுத்து?"

கடைசியில் ஒருவர் சொன்னார்: "நாங்க முடி வளத்திருந்தோம்ல?"

கடையே சிரித்தது. அதிகம் சிரித்தவர் பெரியவர் பா மார்னிங்ஸ்டார். முப்பது வருடமும் விழாவுக்கு ஒலி பார்த்தவர். இந்த வருடம் அவர் வேண்டாமாம், குவாஹாட்டியிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். நான் வெளியே வந்ததும் பின்னாலேயே வந்தார்.

"ஒரே ஒரு பாட்டு இருந்துச்சு, ரிதா. கூர் உள்ளது. மொத வருஷம். உங்கம்மா பாடினது."

"எங்கம்மா பாடுவாங்களா?"

"ரெண்டாவது வரியிலயே நான் மைக்கை அணைச்சிட்டேன். உங்க மாமா கையைக் காட்டினாரு." குழாயை மூடுவதுபோல் விரலைத் திருப்பிக் காட்டினார். "இப்படி."

அக்டோபர் 20

அம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நேராகவே கேட்டேன். கத்தி நிற்கவில்லை.

"ஆமா, பாடினேன். நெலம் எங்க பேர்ல, வீடு எங்க பேர்ல, ஊர்ச் சபையில, தர்பார்ல ஒக்கார மட்டும் பொம்பளைக்கு எடம் இல்லன்னு. தர்பார்ப் பெரியவங்க மொத வரிசையில இருந்தாங்க. அனுமதியைத் திருப்பி வாங்கிடுவாங்கன்னு உங்க மாமாவுக்குப் பயம்."

"நம்ம மைதானம்தானேம்மா? உன் மைதானம்தானே?"

"மைதானம் என்னுது. மைக் அவனுது."

"அப்புறம்?"

"மைக் இல்லாமலே பாடி முடிச்சேன். மூணு வரிசைக்குக் கேட்டிருக்கும். அப்புறம் எறங்கிப் போய் டீ போட்டேன். அத்தனை பேருக்கு டீ வேணும்ல?"

யார் வாயையும் பொத்தினதில்லையாம். முதல் வருடமே, முதல் நாளே, சொந்தத் தங்கையின் வாய்.

அக்டோபர் 28, செவ்வாய்

கம்பெனியின் மேலாளர் தாலுக்தார் கடைக்கு வந்தார். இங்கே வந்து ஆறு மாதம் ஆகிறது, இன்னும் கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. ஒப்பந்தத்தை நீட்டி மூன்று நகல் கேட்டார். நான் யாரென்று தெரியாது அவருக்கு. நகல் எடுக்கிற பெண், அவ்வளவுதான்.

பத்து வருடத்துக்கு எங்கள் மைதானம் கம்பெனியின் விழாவுக்கு. 'நில உரிமையாளர்' என்ற இடத்தில் மாமாவின் கையெழுத்து.

தாலுக்தாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஊரில் மீசை வைத்தவன்தான் உரிமையாளன். ஆனால் மாமாவுக்குத் தெரியாதா? எங்கள் இனத்தில் எந்த ஆண்பிள்ளை பெயரில் குடும்ப நிலம் இருக்கிறது? அது கடைசி மகளுக்குப் போவது. பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்தது, அம்மாவிடமிருந்து எனக்கு வரும். தாய்மாமன் யோசனை சொல்லலாம். அதட்டலாம். கையெழுத்துப் போட முடியாது. தெரிந்தே போட்டிருக்கிறார்!

நான்கு நகல் எடுத்தேன். மூன்றை அவரிடம் கொடுத்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

சர்ச் முடிந்து மாமா வழக்கம்போல் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நான்காவது நகலை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார்.

"போன வருஷம் மழையில பந்தல் விழுந்துச்சு. ஞாபகம் இருக்கா? அதுக்கு முந்தின வருஷம் ஆம்ப்ளிஃபயர் எரிஞ்சு பாதியில நின்னுச்சு. வாசிக்க வந்தவங்க சர்ச் தரையில படுத்துக் கெடந்தாங்க. பந்தல் யாரு போடுவா? நீ போடுவியா? உன் பாட்டுக்காரி போடுவாளா?"

"அதுக்காக நெலம் உங்களுதுன்னு எழுதுவீங்களா?"

"வீட்டுப் பெரியவன்கிற முறையில போட்டேன்."

"வீட்டுப் பெரியவரா அம்மா மைக்கையும் அணைச்சீங்களா?"

கை நின்றது. யார் சொன்னது என்று கேட்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை.

அம்மா கறியைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: "இந்த வருஷம் நடக்கட்டும், அண்ணா. ஆனா ரிதா குவாய் குடுத்தாத்தான் மேடை."

அது இந்த விழாவின் ஒரே பழக்கம். காலையில் எங்கள் வீட்டுக் கடைசி மகள் மேடைப் படியில் தட்டோடு நிற்பாள். வெற்றிலை, பச்சைப் பாக்கு, தொட்டுக்கொள்ளச் சுண்ணாம்பு. அவள் கையால் குவாய் வாங்காமல் யாரும் மேடையேறுவதில்லை. 'எங்கள் மண்ணில் நீங்கள் விருந்தாளி' என்று அர்த்தம். ஐந்து வருடமாக நான் நிற்கிறேன்.

நான் சொன்னேன்: "படிவத்தைத் தூக்கிப் போடுங்க. ஃபிதாலியா எழுதினது எழுதினபடி பாடணும். இல்லன்னா தட்டோட வர மாட்டேன்."

"சரி, சரி. பாடட்டும்." கை கழுவ எழுந்தார். "யார் வாயையும் பொத்தினதில்ல நாம."

நாம்!

நவம்பர் 4

ஃபிதாலியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் மைக் கதை. மாமா ஒப்புக்கொண்டது. கடைசியாக, படிவத்தில் நான் 'அவர்கள்' என்று எழுதியது.

கத்துவாள் என்று நினைத்தேன். கிட்டாரை உறையில் போட்டு மூடினாள்.

"அப்ப இந்தத் தடவை மொதல்ல அணைச்சது நீதான்."

கதவருகே நின்று, "பாடுறேன். உனக்காக இல்ல. எங்கம்மா ஊர்லேர்ந்து சுமோ வண்டி பிடிச்சு வர்றாங்க, டிக்கெட் சொல்லியாச்சு" என்றாள்.

நவம்பர் 5

அவள் சொன்னது சரி.

நவம்பர் 15, சனி

வரிசையாக எழுத வேண்டும். எழுத வரவில்லை.

காலை பத்து மணிக்குத் தட்டோடு படியில் நின்றேன். எல்லோருக்கும் கொடுத்தேன். தாலுக்தாரும் கையை நீட்டினார், கொடுத்தேன். வீட்டு மண்ணில் நின்று கேட்பவனுக்கு இல்லை என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. வெற்றிலையை எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாமா பேசினார். அதே வாக்கியம். பின்னால் சிமெண்ட் மூட்டை. கூட்டம் கத்தியது.

பதினொன்றரைக்கு நாங்கள். ஃபிதாலியாவின் அம்மா இரண்டாவது வரிசையில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். முதல் பகுதி நன்றாகப் போனது. துணியில் மலை படிந்தது. 'இது யாருடைய மலை?' என்று முதல் தடவை கேட்டாள். வாயைத் திறந்து கம்பெனியின் பெயரைச் சொன்னாள்—

மைக் செத்தது. கிட்டாரும் செத்தது. என் டிரம்ஸ் மட்டும் லொட லொடவென்று தனியாக.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒலி மேசை நேரே தெரியும். குவாஹாட்டி ஆள். அவன் பக்கத்தில் தாலுக்தார். அவர் பக்கத்தில் மாமா. மாமாவின் கை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. விரலைத் திருப்பிவிட்டு இறங்கியதா? தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியதா? நான் பார்த்தது இறங்கியதை மட்டும்தான். ஐயோ, ஒரு நொடி முன்னாடி நிமிர்ந்திருக்கக் கூடாதா நான்!

ஃபிதாலியா நிறுத்தவில்லை. நான் குச்சிகளைக் கீழே வைத்தேன், அவள் குரல் கேட்கட்டும் என்று. நான்கு தடவையும் கேட்டாள். நான்கு தடவையும் பெயரைச் சொன்னாள். மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும்.

பின்னாலிருந்து விசில். "சவுண்டு! சவுண்டு!" அப்புறம் அதுவும் சலித்து மோமோக் கடைக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு ஆள் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். என் அம்மா. முதல் வரிசைக்கும் முன்னால் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

"சின்ன தொழில்நுட்பக் கோளாறு" என்று அறிவித்தார்கள். அடுத்த குழுவுக்கு மைக் கணீரென்று வேலை செய்தது. கம்பெனி பனியன்களைக் கூட்டத்துக்குள் வீசினார்கள். பிடிப்பதற்காகத் துள்ளினார்கள் எங்கள் ஊர்ப் புரட்சிக்காரர்கள். ஜாதோ கடைத் தோல் சட்டை ஒருவருக்கு இரண்டு கிடைத்தது.

விழா மழுங்கிவிட்டது என்று அழுகிறார்களே. இன்றைக்கு நன்றாகவே வெட்டியது.

போகும்போது ஃபிதாலியா என்னிடம் ஒரு வார்த்தைதான் சொன்னாள். "குச்சியைக் கீழ வெச்ச பாரு. அது சரி."

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் அம்மா ஒப்பந்தத்தின் அந்த நான்காவது நகலை எடுத்துவரச் சொன்னாள். பின்பக்கத்தில் நான்கு வரி எழுதினாள். நிலம் தன்னுடையது. அண்ணன் போட்ட கையெழுத்து செல்லாது. அடுத்த வருடம் இந்த மைதானம் யாருக்கும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னையும் போடச் சொன்னாள்.

"நாளைக்குக் கடையில நகல் எடு."

"எத்தனைம்மா?"

"அறுபது."

மதியம் மாமா வந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. எதுவும் நடக்காததுபோல் தன் இடத்தில் உட்கார்ந்தார். அம்மா ஒரு தடவை பரிமாறினாள். பிறகு எதிரே வந்து உட்கார்ந்தாள். குவாய்த் தட்டு என் மடியில் இருந்தது. அதை அவர் பக்கம் நகர்த்தவில்லை.

"மாமா, நேத்து மைக்கை அணைக்கச் சொன்னது யாரு?"

சாப்பிட்டார்.

"தாலுக்தார்னா தாலுக்தார்னு சொல்லுங்க. நீங்கன்னா நீங்கன்னு சொல்லுங்க. அம்மா முன்னாடி சொல்லுங்க."

எலும்பை ஓரமாக வைத்தார். விரலைத் துடைத்தார். காலித் தட்டை அம்மா பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு."

அம்மா எழுந்திருக்கவில்லை.

"சொல்லுங்க, மாமா."

தட்டு நீட்டியபடியே இருந்தது.