ஊரடங்கு நாளின் அபராதம்

டொறீன்,

உன்னை எழுப்ப மனம் வரவில்லை. கொழும்பு பஸ்ஸுக்குப் போகிறேன். "பேங்க் புடிச்ச காசு போனாப் போகட்டும். ஆமி செக் பொயிண்ட்ல உங்களப் புடிச்சு வச்சா நான் எங்க போய்த் தேடுவேன்?" என்று நேற்று நீ அழுதாய். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஊரடங்கு போட்டதால் பேங்கே மூடிக் கிடந்தது. திறந்த அன்று நான் காசோடு போய்ச் சேருமுன் லொறித் தவணைக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. அதற்கு ஓர் அபராதம், கணக்கில் காசு குறைந்ததற்கு இன்னொன்று. கட்டிய காசெல்லாம் அதிலேயே கரைந்தது. மாத்தளை மேனேஜரோ, "ஊரடங்குக்கு நாங்க என்ன செய்யிறது? கொழும்பு ஹெட் ஒபிஸ்ல கேளுங்க" என்கிறார்.

தவணை தவறியதால் இன்று லொறியை எடுக்க ஃபைனான்ஸ் கொம்பனி ஆள் வருவான். சாவி மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. சண்டை போடாமல் கொடுத்துவிடு. தார்ப்பாய் நம்முடையது, அதை இறக்கி வை. பருப்பைச் சுடவைத்துச் சாப்பிடு.

லோரன்ஸ்

செக் பொயிண்டில் காட்ட அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் என்னிடம் இருக்கின்றன. ராத்திரி பஸ்ஸிலும் நான் வராவிட்டால் சேர்ச் ஃபாதரிடம் சொல்.

காசு திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கும் இல்லை, டொறீன். அந்த ஆள் லொறியை ஓட்டிக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்க்க என்னால் முடியாது. அதனால்தான் போகிறேன். பக்கத்து வீட்டு ஸுபைதாவை வரச் சொல்லியிருக்கிறேன். நீ தனியாக நிற்காதே.