பதினாலாவது அடியில் ஒரு புள்ளி

அக்கா,

நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே போன வாரம் ஒரு தையல் கடை வந்திருக்கிறது. இன்று காலை அந்தப் பெண் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, துணி இல்லாமல் சும்மா ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் வாங்க இறங்கியவள் அந்த வாசனையில் படியிலேயே நின்றுவிட்டேன். மதுரைப் புழுக்கத்தில், கழுத்தில் வியர்வை வழிய நிற்கிறேன், விரல் நுனி மட்டும் சில்லிட்டுப் போகிறது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் உங்கள் தையல் கடை வாசலைக் கடந்துதானே தினமும் மாடி ஏறுவேன். பால் வாங்காமலே திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்த காலம். வத்தலக்குண்டிலிருந்து மலையேறி வந்து, அந்தக் கட்டடத்து மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்திருந்தேன். மொத்தம் நாலே மெஷின். நாலும் கீழ்நாட்டில் யாரோ வேண்டாம் என்று தள்ளியவை. ஐப்பசி மழையும் மஞ்சும் இறங்கிவிட்டால் படிக்க ஒருவரும் வரமாட்டார்கள். நாலு மானிட்டரையும் போட்டுவைத்தால் அறை கதகதப்பாகிவிடும் என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும், கொக்கி கட்ட வேண்டிய ஜாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிடுவீர்கள்.

"டீச்சர், பொட்டிய அணைச்சிராதீங்க. கை வெறச்சுப்போயி ஊசி பிடிக்க மாட்டேங்குது."

ஒரே மாதத்தில் டீச்சர் போய் 'புள்ள' ஆகிவிட்டேன். உங்களுக்கு அப்போது நாற்பது இருக்கும். வீட்டுக்காரர் தவறிப் பல வருடம் ஆகியிருந்தது. மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தீர்கள். நான் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தேன். இருவருமே தனியாள் என்பதை ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. மஞ்சு வந்து ஜன்னலை மூடும். எதிர்க்கடை மறையும், தெரு மறையும். நான்கு மானிட்டர்களின் முனகலும் நீங்கள் நூலைக் கடித்து அறுக்கும் சத்தமும் மட்டும் இருக்கும்.

அந்தக் கேசட் அப்படிப்பட்ட ஒரு மதியத்தில்தான் வந்தது. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விற்ற சாமான்களில் ஒரு டிவியையும் கேசட் பிளேயரையும் ஒரு பெட்டி நிறைய வீடியோ கேசட்டுகளையும் சென்டர் ஓனர் வாங்கிவந்து மாடியில் போட்டார். "படம் கிடம் இருந்தா பாருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கேசட்டுகளில் பாதிக்கு மேல் பூஞ்சை பூத்திருந்தது. ஓடியது ஒன்றுதான். அதில் பேச்சு இல்லை, மனிதர்கள் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள். கம்ப்யூட்டரில் படம் வரைய முடியுமா என்று யாரோ முதன்முதலாகச் சோதித்துப் பார்த்த காலத்தின் குட்டிக் குட்டிப் படங்கள் அவை. ஒரு சதுரம் சுழன்று சுழன்று தன்னையே விழுங்கும். நூறு புள்ளிகள் சிதறி ஓடி, கடைசி நொடியில் வட்டமாகக் கூடும். வட்டம் அலையாகும். அலை ஒற்றைக் கோடாகி அடங்கும்.

பத்து நிமிடம் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டிருக்க வேண்டியது. நாம் இருவரும் அந்த மழைக்காலம் முழுக்க அதையேதான் பார்த்தோம். அப்போதே ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் பொம்மைப் படங்கள் வந்திருந்தன. உடம்பில் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது, தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அவற்றை ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருக்கும். இது மட்டும் ஏன் அலுக்கவில்லை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த மெஷினால் முடிந்தது மிகக் கொஞ்சம். அதனால் போட்ட ஒவ்வொரு கோட்டையும் ஒருவர் யோசித்துக் காத்திருந்து போட்டிருக்கிறார். அடுத்து எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர முன்னால் ஒருவரும் இல்லை. அந்தத் தயக்கம் கோட்டில் தெரியும். நான் இப்படியெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீங்கள் ஊசியில் நூல் கோத்தபடி சொன்னீர்கள்:

"இதுல ஆளே இல்ல புள்ள. அதான் நாம போயி நிக்க எடம் கெடக்கு."

கேசட்டின் கடைசிப் பகுதியில் ஒரு மலை வரும். மண் இல்லை, மரம் இல்லை. வெறும் கோட்டு மலை. மெல்லத் திரும்பும். நாம் அதன் ஓரமாக நடந்து போவது போல ஒரு முகடு பின்னால் போகும், இன்னொன்று எழும். முதல் தடவை அது வந்தபோது உங்கள் கை அப்படியே நின்றது.

"நிப்பாட்டு புள்ள. கொஞ்சம் பின்னால போ."

பின்னால் போனேன். மறுபடியும் பின்னால் போனேன். நாலாவது தடவை முடிந்ததும் நீங்களாகவே பேச ஆரம்பித்தீர்கள். இலங்கையில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்ததை எனக்குச் சொல்லியிருந்தீர்கள். பத்து வயதில் தலைமன்னாரில் கப்பலேறி வந்ததையும் சொல்லியிருந்தீர்கள். அம்மாவைப் பற்றி அன்றுதான் சொன்னீர்கள். கப்பலேறுவதற்கு முந்தின வருடம் அவர் இறந்துபோனார். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு எதிரே இருந்த மலையில் அடக்கம் செய்தார்கள். அவரை அங்கேயே விட்டுவிட்டு, அப்பா உங்களை மட்டும் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

"எங்க அம்மா மூஞ்சி மறந்துபோச்சு. தேயிலப் பச்ச எப்படி இருந்துச்சுன்னு கேட்டா அதுவும் போச்சு. இங்க உள்ள பச்சதான் கண்ணுல வருது. ஆனா லயத்து வாசல்ல நின்னு பாத்தா தெரியும்ல, அந்த மலையோட ஓரம், அது மட்டும் அப்படியே கெடக்கு. இந்தா, இந்த மாதிரிதான். கோடு மட்டும்."

ஜாக்கெட்டை மடித்து வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

"ஒன் பொட்டியில எங்க மல வருமா?"

வந்தது அக்கா. அந்தப் பழைய மெஷினில் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி, இந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்குக் கோடு போடு என்று எண்ணைக் கொடுத்தால் போடும். எண்ணுக்கு எங்கே போவது என்று நான் விழித்தபோது நீங்கள் கீழே போய்த் துணி வெட்டும் பழுப்புத் தாளும் சாக்பீஸும் கொண்டுவந்தீர்கள். தரையில் விரித்து, கண்ணை மூடித் திறந்து, ஒரே இழுப்பில் மலையோரத்தை வரைந்தீர்கள். இஞ்ச் டேப்பை வைத்து நீங்கள் அளந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

"ஒம்பதர. அடுத்து ஒம்பதே முக்கா. இங்ஙன ஒரு குழி விழுகும், எட்டேகால் போடு."

லயத்து வாசலிலிருந்து ஒன்று, தண்ணீர்க் குழாயடியிலிருந்து ஒன்று, பாதை வளைவிலிருந்து ஒன்று, ஆட்களைக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலிருந்து ஒன்று என்று நாலு படம் வரைந்தீர்கள். நாலுக்கும் நடுவில் வரவேண்டிய கோடுகளை மெஷினே கணக்குப் பார்த்துப் போடும் என்று நான் விளக்கியபோது, "முப்பத்திரெண்டு சைஸுக்கும் முப்பத்தாறுக்கும் நடுவுல முப்பத்தினாலு வெட்டுறோம்ல, அதானே?" என்றீர்கள். அதேதான். ஒரு படத்துக்கு ஒரு காலடி என்று மொத்தம் இருபது அடி வந்தது. ஒவ்வோர் அடிக்கும் அந்தக் கிழட்டு மெஷின் மலையை அழித்து, இடமிருந்து வலமாகத் திரும்ப இழுத்துப் போட இரண்டு நொடி எடுத்துக்கொண்டது. நான் வெட்கப்பட்டேன்.

"வெரசா ஓட வேணாம். நான் நடந்த வேகத்துலதான் அது நடக்குது" என்றீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அம்மாவை வைத்த இடத்தில் ஒரு மரம் இருந்தது. மரத்தை வரைந்து தருகிறேன் என்றேன். வேண்டாம், ஒரு புள்ளி போதும் என்றீர்கள். போட்டேன். வளைவைத் தாண்டி, பதினாலாவது அடியில், முகட்டுக்குப் பின்னாலிருந்து அந்தப் புள்ளி வெளியே வரும். ஆறு அடி தெரியும். பிறகு களம் வந்துவிடும். நடை முடிந்துவிடும். அந்த டிசம்பர் வரை தினமும் ஒரு தடவை மேலே வந்து இருபது அடி நடந்துவிட்டு இறங்கிப் போவீர்கள். சாக்பீஸ் கோட்டைத் தட்டிவிட்டு அந்தப் பழுப்புத் தாளில் எப்போதோ சட்டை வெட்டிவிட்டீர்கள். அதுதான் மெஷினில் இருக்கிறதே.

இதற்குப் பிறகு நான் செய்ததை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

கோடை சீசனுக்கு முன்னால், ஜனவரியிலேயே ஓனர் புது மெஷின்கள் இரண்டு வாங்கினார். பழையவற்றைக் கொடுத்துவிட்டு வாங்கினார். எடுத்துப்போக வேன் வந்த காலையில் நம் மலையை ஒரு ஃப்ளாப்பியில் நகல் எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டேன். ஒரே ஒரு பழைய ஃப்ளாப்பி. திறந்து பார்த்துச் சரிபார்க்கவும் இல்லை. புது மெஷினில் இருந்த புது மென்பொருள் என் தலைக்கு ஏறியிருந்தது. உங்களைத் திகைக்க வைக்க வேண்டும் என்று மூன்று வாரம் ரகசியமாக உட்கார்ந்து மலையைத் திரும்பச் செய்தேன். பச்சை கொடுத்தேன். தேயிலைச் செடி வரிசை வரிசையாக வைத்தேன். மஞ்சு, வெயில், நிழல். புள்ளி இருந்த இடத்தில் கிளை பரப்பிய ஒரு பெரிய மரம். நடை வழுக்கிக்கொண்டு ஓடியது, ஒரு தடங்கல் இல்லை.

நீங்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தீர்கள்.

"ரொம்ப அழகா இருக்கு புள்ள" என்றீர்கள். பிறகு, குத்தல் துளியும் இல்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பது போல, "இது எந்த ஊரு?" என்றீர்கள்.

எனக்குக் காது சுட்டது. வாசல்வரை போய்த் திரும்பினீர்கள்.

"பழசு இருக்குல்ல?"

"இருக்குக்கா."

நீங்கள் இறங்கியதும் ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். மெஷின் கரகரவென்று தேடியது. படிக்கவில்லை. தகட்டை நகர்த்திப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. துடைத்தேன். மானிட்டர் மேல் வைத்துக் காயவைத்தேன். கீழே வத்தலக்குண்டு வரை கொண்டுபோய் வேறு மெஷினில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய மெஷின்களைத் தேடி ஓனரிடம் கேட்டேன். "அதெல்லாம் அன்னைக்கே உடச்சுருப்பாங்க டீச்சர்" என்றார்.

இதை அன்றே உங்களிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் திட்டியிருக்கமாட்டீர்கள். திரும்ப ஒரு தாளை விரித்திருப்பீர்கள், இரண்டு மதியத்தில் முடிந்திருக்கும். இப்போது நினைத்தால் அவ்வளவு எளிதாக இருக்கிறது. அன்று ஃப்ளாப்பியை இழுப்பறைக்குள் மறைத்துவைத்தேன். நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். "புது மெஷின்ல ஏத்தணும்க்கா, கொஞ்சம் சோலி இருக்கு" என்றேன். மூன்றாம் தடவை கேட்கவில்லை. மேலே வருவதும் குறைந்தது. புது மானிட்டர்கள் அறையை அவ்வளவு சூடாக்குவதும் இல்லை. உங்கள் கடை வாசலைத் தவிர்க்க நான் பின்பக்க இரும்புப் படியில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க அப்படிப் போனது.

மதுரையில் வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று, பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகத்தான் வந்தேன். நீங்கள் மெஷினை நிறுத்தி எழுந்துவந்தீர்கள். என் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டீர்கள்.

"நேரத்துக்குச் சாப்புடு புள்ள. அங்கிட்டுப் போயும் தனியாத்தான் இருப்ப."

மலையைப் பற்றி நீங்கள் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு வருடமும் அடுத்த மழைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஆறு வருடம் கழித்து, உடன் வேலைபார்க்கும் பெண்ணின் கல்யாணத்துக்குக் கொடைக்கானல் வந்தபோது நாயுடுபுரத்தில் இறங்கினேன். உங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. உள்ளே இருந்தவர், "டெய்லரம்மாவா? அவங்க தவறி ரெண்டு வருசம் ஆச்சுங்களே. மக வந்து தூக்கிட்டுப் போயி திருப்பூர்லயே எல்லாம் முடிச்சுட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு யார் சொல்வார்கள் அக்கா? நமக்குப் பொதுவாக ஒருவரும் இல்லையே. கல்யாணத்துக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸிலேயே மலையிறங்கிவிட்டேன்.

அக்கா, பழசு இல்லை. நீங்கள் கேட்ட அன்றே இல்லை.

அலுவலகத்தில் ஒருவர் வானத்திலிருந்து எடுத்த படத்தில் எந்த ஊரையும் பார்க்கலாம் என்று காட்டினார். உங்கள் தோட்டம் இருந்த பக்கத்தைத் தேடி எடுத்தேன். பச்சைப் பசேலென்று, கூரை கூரையாக, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எந்த மலை உங்களுடையது என்று எனக்குத் தெரியவில்லை. மேலேயிருந்து பார்த்தால் மலைக்கு ஓரமே இல்லை. அதை ஓரமாகப் பார்த்தவர்களில் நீங்கள் போய்விட்டீர்கள். நான் அதை உங்கள் கையால் பார்த்தவள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறேன். கறுப்புத் திரை, வெள்ளைக் கோடு, வேறொன்றும் சேர்ப்பதில்லை. லயத்து வாசலிலிருந்து தெரியும் மலை எனக்குப் பெரும்பாலும் நினைவிருக்கிறது. ஒன்பதரை, ஒன்பதே முக்கால், பிறகு அந்தக் குழி. முதல் மூன்று அடி சரியாக வருகிறது. மெஷின் இப்போது கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடும், நான்தான் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு நொடி நிற்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். நாலாவது அடியில் முகடு கொஞ்சம் இறங்க வேண்டும். எவ்வளவு என்று நீங்கள் சொல்ல வேண்டும். அங்கே வந்ததும் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.