தப்பு மெமரியில்தான் இருந்தது

நேற்று உன் மகள் உன் வீட்டு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். மூடியைக் கழற்றியதும் உள்ளே படிந்திருந்த தூசியில் ஊதுவத்தி வாசனை. தினமும் கம்ப்யூட்டருக்கும் ஊதுவத்தி காட்டுகிற ஆள் நீ. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"தானா ஆஃப் ஆயி ஆன் ஆவுது அங்கிள். சில நேரம் நீலமா ஏதோ வந்து நின்னுடுது. நான் கேம் ஏத்திக் கெடுத்துட்டேன்னு அப்பா கடைசி வரைக்கும் திட்டிட்டே இருந்தாரு" என்றாள்.

நீ மாறவே இல்லை.

செங்கம் ரோட்டில் நாம் இருவரும் சேர்ந்து கடை நடத்தியபோது, கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து நம்மிடம் வேலை பார்த்தாளே செல்வி, அவளை நினைவிருக்கிறதா? ஒரு பெண் தன் கல்யாணப் படங்கள் இருந்த கேமரா கார்டைக் காப்பி எடுக்கக் கொடுத்திருந்தாள். காப்பி எடுத்து, கார்டை அழித்துக் கொடுத்த பிறகு பார்த்தால், பல படங்களில் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் அவள் அப்பா இறந்திருந்தார். அவர் சிரித்த முகத்தோடு இருந்த படங்கள் அவை. அவள் அழுதுகொண்டு நிற்க, நீ செல்வியைக் கை காட்டினாய்.

"இதுதான் எதையோ அமுக்கித் தொலைச்சிடுச்சு."

"நான் காப்பி மட்டும்தான் போட்டேங்கண்ணா."

நீ காதில் வாங்கவில்லை. அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்தினாய்.

மறுநாள், படங்களைக் காப்பி எடுத்த கம்ப்யூட்டரில் நான் பென்டிரைவ் செருகி மெமரி டெஸ்ட் போட்டேன். திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்பு வரிகள். மெமரி அட்டைகளான ராம்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, செருகும் ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரே ராம்தான் பிழை காட்டியது. காப்பி ஆகும்போதே படங்கள் கெட்டிருக்கின்றன. உன்னிடம் காட்டினேன்.

"கண்டுபிடிச்சிட்ட இல்ல, மாத்திட்டுப் போ. இத வெளிய சொல்லி கடை பேரக் கெடுக்காத" என்றாய்.

தெரிந்த பிறகும் சும்மா இருந்தாய் பார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் செல்வி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி, வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டேன். "அவரு வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்ண்ணா, வரேன்" என்றாள். நீ போகவில்லை. அத்தோடு நம் கூட்டும் முடிந்தது. உன் சாவு வீட்டில் ஆளாளுக்கு உன்னைத் தங்கமான மனுஷன் என்றார்கள். கேட்கப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

உன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோதித்தேன். இருந்த இரண்டு ராமில் ஒன்று போயிருந்தது.

"பெருசா ஒண்ணு போட்டா வேகமா ஓடுமா அங்கிள்?"

"பெருசுன்றது அப்புறம்மா. இந்த போர்டு டிடிஆர்-3 வகை ராம் மட்டும்தான் எடுக்கும். புது மாடல் ராம்ல, ஸ்லாட்டுல பொருந்துற வெட்டு வேற எடத்துல இருக்கும். அமுக்கினா ஸ்லாட்டுதான் உடையும்."

நன்றாக இருந்த ராமின் ஸ்டிக்கரைப் பார்த்து, அதே வகையில் அதே வேகத்தில் ஒன்று வாங்கிப் போட்டேன். மறுபடி சோதனை ஓடி முடிந்தது. பிழை எதுவும் இல்லை.

"அப்போ நான் கெடுக்கலயா?"

"இல்லமா. உன் மேல தப்பே இல்ல. மெமரி போயிருந்துச்சு. அதப் பாக்க உங்கப்பாவுக்குத் தெரியும். பாக்கல."

அவள் அழுதாள். உன்னை நினைத்தா, நிம்மதியிலா, கேட்கவில்லை.

உன் மேல் இருக்கும் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். இன்னாரால்தான் கெட்டது என்று யாரையாவது கை காட்டிக்கொண்டு என் கடைக்குள் நுழைகிறவர்களிடம், "மொதல்ல தெறந்து பாக்கலாங்க" என்று என்னைச் சொல்லவைப்பது அந்தக் கோபம்தான்.