சுமான் யாருடைய நாய்

சாந்தா பாஸ் சந்தை,
ஜனவரி 9

மதிப்புக்குரிய எலெயுதேரியோ மக்பனுவா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. சந்தை வாசலில் நூடுல்ஸ் சூப் கடை வைத்திருக்கிறேன். புயல் வெள்ளத்தில் தொலைந்த நாய் பூனைகளை மாதா கோயில் கூடத்தில் வைத்து, உரியவர்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு ஆட்டைக்கூடச் சேர்த்தோம். சொந்தக்காரன் அதைக் கட்டிப்பிடித்து அழுதான்; அடுத்த வாரமே மகள் பிறந்தநாளுக்கு வெட்டிவிட்டான்.

மிஞ்சியிருப்பது ஒரு பெட்டை நாய். வெள்ளை உடம்பு, இடது காதில் நுனி இல்லை. அதன் கழுத்திலிருந்த தடுப்பூசித் தகட்டைக் கால்நடை அலுவலகத்தில் காட்டியதில் உங்கள் பெயரும் விலாசமும் கிடைத்தன. போய்ப் பார்த்தால் உங்கள் தம்பி டோமிங் மட்டும் இருந்தார். "அந்த நாயா? எனக்கு வேணாம் மனாங். தெருவுலயே விட்டுருங்க, அதுவா பொழச்சுக்கும்" என்றார். நீங்கள் சிறையில் இருப்பதையும் அவர்தான் சொன்னார்.

தெருவில் விடுகிற ஆள் நான் இல்லை. நாயின் பெயர் என்ன? யாரிடம் சேர்க்க வேண்டும்? இரண்டையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரெமெடியோஸ் தொலெந்தீனோ (மெடிங்)


மாகாணச் சிறை,
ஜனவரி 20

அன்புள்ள மனாங் மெடிங்,

உங்களுக்கு இளையவனாகத்தான் இருப்பேன், அதனால் எல்லோரையும் போல மனாங், அக்கா, என்றே கூப்பிடுகிறேன். இங்கே வந்தபின் எனக்கு வந்த முதல் கடிதம் உங்களுடையது. பக்கத்துப் படுக்கைக்காரன், "யாருடா, காதலியா?" என்று கேலி செய்தான். "இல்லடா, என் நாய் எழுதியிருக்கு" என்றேன்.

அவள் பெயர் சுமான். குட்டியாக வாங்கி வந்தபோது துண்டில் சுற்றிக் கிடந்தாள், வாழையிலையில் கட்டிய சுமான் பலகாரம் மாதிரி. பெயர் வைத்தவள் என் மனைவி அராசெலி. பதிவு என் பெயரில் இருந்தாலும் சுமான் அவள் பின்னால்தான் சுற்றுவாள்.

சேவல் சண்டைக் களத்தில் ஒருவன் மண்டையை உடைத்து நான் உள்ளே வந்த மாதமே அராசெலி வீட்டைவிட்டுப் போய்விட்டாள். ஒரு வரி எழுதவில்லை. அவளைக் கண்டுபிடித்து நாயைக் கொடுங்கள், மனாங். அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். தையல் கடைகளில் விசாரியுங்கள். எங்கே இருக்கிறாள் என்று எனக்கு ஒரு வரி எழுதினால் போதும். ஜூனில் வெளியே வருகிறேன்.

உங்கள் தம்பி,
தெரியோ


சாந்தா பாஸ்,
பிப்ரவரி 6

அன்புள்ள தம்பி தெரியோ,

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் சுமான் என் மேல் பாய்ந்து சூப் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். அன்றைக்கு எலும்பெல்லாம் அவளுக்கே.

அவள் படத்தை அச்சடித்து வாடகை ட்ரைசிக்கிள் வண்டிகளின் முதுகில் எல்லாம் ஒட்டியிருக்கிறேன். தையல் கடைகளிலும் கேட்டுவிட்டேன். ஒரு கடையில் அராசெலி பெயரைச் சொன்னதும் அங்கிருந்த அம்மாள் எந்திரத்தை நிறுத்தினாள். "யாருக்காகத் தேடறீங்க? அவனுக்காகவா?" என்றாள். நாய்க்காக என்றேன். "நாய்க்கு வாய் இல்ல. உங்களுக்கு இருக்கு. போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இன்னொன்றும் எழுத வேண்டும். நேற்று ஐஸ் கொண்டுவந்தவன் வியர்வை தாங்காமல் இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தினான். சுமான் மேசைக்கு அடியில் போய்ச் சிறுநீர் கழித்துவிட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. ஏன் தம்பி?

எப்படியும் தேடுவதை நிறுத்த மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

மெடிங்


மாகாணச் சிறை,
பிப்ரவரி 17

அன்புள்ள மனாங்,

தையல்காரிகளுக்கு வாய்தான் வேலை. குடும்பம் என்றால் நாலு சத்தம் இருக்கும். உங்கள் வீட்டில் இருந்ததில்லையா? சுமான் குட்டியிலிருந்தே பயந்தவள், இடிக்கும் பயப்படுவாள்.

அராசெலி கிடைத்தாளா? ரோஹாஸ் நகரத்தில் அவளுக்கு ஒரு சித்தி மகள் உண்டு. அங்கே கேளுங்கள். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

தெரியோ


சாந்தா பாஸ்,
மார்ச் 11

தம்பி தெரியோ,

அராசெலி வந்தாள். ட்ரைசிக்கிளில் படத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே தேடி வந்தாள். கடை வாசலில் நின்று நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தாள், அவ்வளவுதான். சுமான் குரைக்கக்கூட இல்லை. போய் அவள் பாதத்தின் மேல் படுத்துக்கொண்டாள்.

சூப் கொடுத்தேன். கிண்ணத்தை வலது கையால் மட்டும் பிடித்தாள். இடது மணிக்கட்டு மடங்கவில்லை. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். "வெளியே தெரிஞ்சது இது ஒண்ணுதான், மனாங்" என்றாள். பிறகு, "நான் எங்க இருக்கேன்னு மட்டும் அந்த ஆளுக்குச் சொல்லிடாதீங்க. சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நாய் இல்லாமலே போயிடறேன்" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்கும் அதையே எழுதுகிறேன், ஒளித்துவைக்க விரும்பவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். பதிவு உன் பெயரில் இருக்கிறது. நீ ஆள் அனுப்பிக் கேட்டால் சுமானைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார் கால்நடை அலுவலர். அராசெலி பெயருக்கு மாற்ற உன் கையெழுத்து வேண்டும்; அதுவரை சுமான் என்னிடம்தான் இருப்பாள். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு.

மெடிங்


மாகாணச் சிறை,
மார்ச் 20

மனாங்,

நாய் என்னுடையது. ஊசிக்குக் கூட்டிப்போனவன் நான். அராசெலி எங்கே இருக்கிறாள் என்று எழுதுங்கள், மறுநாளே கையெழுத்துப் போடுகிறேன். எழுதாவிட்டால் டோமிங் வந்து நாயை எடுத்துக்கொள்வான். சுமான் என் வீட்டில் இருந்தால் அராசெலி தானாக வருவாள். அவளை எனக்குத் தெரியும்.

எலெயுதேரியோ


சாந்தா பாஸ்,
ஏப்ரல் 2

எலெயுதேரியோவுக்கு,

டோமிங் கயிற்றோடு வந்தார். "அண்ணன் சொல்லிட்டான் மனாங், நான் என்ன பண்றது?" என்றார். "அண்ணன் சொன்னா கிணத்துல குதிப்பியா? உள்ள வந்து கயித்தை மாட்டிப் பாரு" என்றேன். கையில் சூப் கரண்டி இருந்தது. சந்தைப் பெண்கள் எல்லாம் மீனை விட்டுவிட்டு வந்து நின்றுவிட்டார்கள். டோமிங், "அண்ணி கத்தினப்போ நான் பக்கத்து அறையிலதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனார்.

நாயைத் தேடித்தரச் சொல்கிறாய் என்றுதான் நினைத்துத் தெருத்தெருவாக அலைந்தேன். நீ தேடியது நாயை இல்லை. அதற்கு என் காலையும் வாயையும் பயன்படுத்திக்கொண்டாய். படங்களை எல்லாம் கிழித்துவிட்டேன்.

ஜூனில் நீ வந்து என் கடை முன்னால் நிற்கலாம். அராசெலி இருக்கும் இடம் என்னிடமிருந்து வராது. அன்றைக்கும் வராது, நான் சாகிற அன்றைக்கும் வராது. டோமிங் போனதிலிருந்து, உன் கையெழுத்து இல்லாமலே பெயரை மாற்றச் சொல்லி, கடை திறக்கும் முன்பு கால்நடை அலுவலகத்துக்குப் போகிறேன். அலுவலரும் தினமும் முடியாது என்கிறார். நாளைக்கும் போவேன்.

சுமான் துண்டில் சுற்றிக் கிடந்ததைப் பற்றி எழுதினாயே, அதை எழுதிய ஆளிடம் கேட்கிறேன். இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடு.

ரெமெடியோஸ் தொலெந்தீனோ


மாகாணச் சிறை,
மே 4

மனாங் மெடிங்,

முதல் தாளைக் கிழித்துப் போட்டேன். இரண்டாவதும் பல நாள் தலையணைக்கு அடியில் கிடந்தது. டோமிங் பார்க்க வந்திருந்தான். பக்கத்து அறையில் இருந்ததைப் பற்றி என்னிடமும் சொன்னான். நேரம் முடிந்ததும் எழுந்து போய்விட்டான்.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காவலரும் சாட்சியாகப் போட்டிருக்கிறார்.

சுமானுக்கு மீன் தலை கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும். நுனி இல்லாத காதில் மழைக்காலத்தில் சீழ் வைக்கும். இடி இடித்தால் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், பேச வேண்டியதில்லை. இதெல்லாம் அராசெலிக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

வெளியே வந்ததும் கப்பலேறி நீக்ரோஸ் தீவுக்குப் போகிறேன். கரும்புத் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்கிறார்கள். சாந்தா பாஸ் பக்கம் வரமாட்டேன்.

இதற்குப் பதில் போடாதீர்கள், மனாங். நீங்கள் எழுதினால், அவள் எங்கே என்று நான் மறுபடியும் கேட்டுவிடுவேன்.

தெரியோ