தம்பியின் எண்ணை அழித்தால் ஏறும் மதிப்பெண் குறித்து

அனுப்புநர்:
பல் செட்டும் பீங்கான் கேப்பும் செய்து பிழைக்கும் பெண், வயது ஐம்பத்து நான்கு.
(பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவை மூடிய உறையில் தனியே வைக்கப்பட்டுள்ளன. தாங்கள் மட்டும் பிரிக்க வேண்டுகிறேன். காரணம் மனுவைப் படித்தால் விளங்கும்.)

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம்.

பொருள்: இணையவழித் தவணைக்கடன் நிறுவனம் ஒன்று என் கடன் தகுதி மதிப்பெண்ணைக் குறைத்தது – அதற்கு அரசு அலுவலகங்களிடம் மட்டுமே இருக்கக்கூடிய தகவல் பயன்பட்டதோ என்ற ஐயம் – விசாரித்து எழுத்துமூலம் பதில் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நிறுவனத்துக்கு நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்கள்.
2. நிறுவனம் அனுப்பிய காரணக் குறிப்புத் தாள்.
3. தங்கள் அலுவலகத்துக்கு நான் முன்பு அனுப்பி, "வேறு துறைக்கு உரியது" என்ற முத்திரையோடு திரும்பி வந்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கையும் சுருக்கமாக எழுதினேன். சுருக்கமாக எழுதியதால்தான் யாருக்கும் புரியவில்லை போலும் என்று, இம்முறை நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். சற்று நீளும். பொறுத்துக்கொள்ளவும்.

1. பல் மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அளவுகளை வைத்துப் பற்கள் செய்து கொடுப்பது என் தொழில். இருபத்தேழு ஆண்டுகளாகச் செய்கிறேன். கடைத்தெருவில் ஒரு மாடி அறை. சன்னலோரம் மேசை, அதன்மேல் மெழுகும் பிளாஸ்டர் அச்சுகளும், சுவரோரம் பீங்கான் சுடும் உலை. இப்பகுதியில் பலர் நான் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. அது இந்தத் தொழிலின் வழக்கம். அதில் எனக்குக் குறையில்லை.

2. சென்ற ஆண்டு இறுதியில் உலை கெட்டது. சூடு ஒரே நிலையில் நிற்காமல் கேப்புகள் விரிசல் விட்டன. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு இனிமே வைத்தியம் இல்லக்கா, புதுசுதான்" என்றார். புது உலை விற்பவர் தவணைக்கு ஒரு செயலியைக் காட்டி, பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்றார். முடிந்துவிட்டது. ஒன்பதாவது நிமிடத்தில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. என் மதிப்பெண் 541. குறைந்தது அறுநூறு வேண்டுமாம். இதற்கு முன் நான் வாங்கிய எந்தத் தவணையும் ஒருநாள்கூடத் தவறியதில்லை. சான்றுகள் இணைப்பில் உள்ளன.

3. இந்த மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்று விசாரித்ததில் எனக்கு விளங்கியவரை எழுதுகிறேன். தவறிருந்தால் திருத்தவும். வாங்கியதை ஒழுங்காகக் கட்டினோமா என்று பார்ப்பது ஒரு பங்குதான். செயலியைக் கைபேசியில் ஏற்றும்போது "சம்மதம்" என்று ஓரிடத்தைத் தொடுகிறோம். அந்த ஒரு தொடலில் கைபேசியிலுள்ள பெயர்ப் பட்டியல், குறுஞ்செய்திகள், கைபேசி போய்வரும் இடங்கள் எல்லாவற்றையும் பார்க்கச் சம்மதித்துவிடுகிறோம். அந்தச் சம்மதப் பத்திரம் முப்பத்தெட்டுப் பக்கம். நான் படிக்கவில்லை. படித்த ஒருவரையும் இதுவரை சந்திக்கவில்லை. பிறகு கணினி நம்மைப் பல்லாயிரம் பேரோடு ஒப்பிடுகிறது. படிவத்தை எத்தனை வேகத்தில் நிரப்பினோம், சார்ஜ் தீரும்வரை விடுகிற ஆளா, யாரோடு அதிகம் பேசுகிறோம், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நம்மைப் போன்றவர்கள் முன்பு கட்டினார்களா என்று பார்த்து, நாம் கட்டுவோமா என்று முடிவு செய்கிறது. நான் பல்லின் நிறத்தைப் பக்கத்துப் பல்லைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறேன். ஆனால் சந்தேகம் வந்தால் நோயாளியை நேரில் வரச்சொல்லிப் பார்ப்பேன். இங்கே யாரும் என்னை வரச்சொல்லவில்லை.

4. மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பின் ஒரு காரணக் குறிப்புத் தாள் வந்தது. அதில் இரண்டே வரிகள். முதல் வரி: "தொடர்பு வட்டம் – அபாயம் அதிகம்." இரண்டாவது: "பொது ஒன்றுகூடல் இடத்தில் இருப்பு – மூன்று முறை", அதன் கீழே மூன்று தேதிகள். விளக்கம் கேட்டு வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். பேசிய பெண் மரியாதையாகப் பேசினாள். "அம்மா, என் ஸ்க்ரீன்லயும் இவ்ளோதான் தெரியுது. நீங்க அடிக்கடி பேசற ஒரு நம்பர் உங்க ஸ்கோர கீழ இழுக்குது" என்று எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத எடுத்துட்டு மூணு மாசம் பாருங்கம்மா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றாள். அவள் நல்லதென்று நினைத்துச் சொன்னாள். அவள்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். அதற்காகவே அழைத்த தேதியை இங்கே குறிப்பிடவில்லை.

5. அந்த எண் என் உடன்பிறந்த தம்பியுடையது. லிஃப்ட் மெக்கானிக். யாரிடமும் கைமாற்றுகூட வாங்காதவன். எங்கள் குடியிருப்புக் குழாய்களில் ஓராண்டாகச் சாக்கடை வாடையோடு தண்ணீர் வருகிறது. அதற்காக அவனும் அக்கம்பக்கத்தாரும் மூன்று நாட்கள் குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். கோஷம்கூடப் போடவில்லை. வீட்டுக்கு வீடு பாட்டிலில் பிடித்த தண்ணீரை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தம்பிக்கு ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையை மறந்துவிடுவான். அந்த மூன்று நாளும் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்து, அவன் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன். பத்து நிமிடம் இருக்கும். காரணத் தாளில் உள்ள மூன்று தேதிகளும் அவைதான்.

6. ஐயா, இந்தப் பத்தியைத் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். என் கைபேசி எந்தத் தெருமுனையில் இருந்தது என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும், சம்மதித்தவள் நான். ஆனால் அந்தத் தெருமுனையில் பகல் பதினொரு மணிக்கு ஓர் ஒன்றுகூடல் நடந்தது என்று அவர்களுக்கு யார் சொன்னது? செய்தித்தாளில் வரவில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் எட்டிப்பார்க்கவில்லை. வந்தவர்கள் இரண்டு காவலர்கள் மட்டுமே. ஒருவர் கைபேசியில் எல்லோரையும் படம் பிடித்தார், மற்றவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டு எங்கே போனது என்பதே என் கேள்வி. அரசு கொடுத்தது என்று நான் குற்றம் சாட்டவில்லை. கணினியே ஏதோ கணக்கில் ஊகித்திருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதும், தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இருப்பதும்தான் என் புகார். காவல் நிலையத்துக்கே போய், அப்படிப் பட்டியல் ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்கும் குடுக்கறதில்லம்மா" என்றார் அங்கிருந்த அதிகாரி. இல்லை என்று சொல்லவில்லை, கொடுப்பதில்லை என்றார். திரும்பும்போது வருகைப் பதிவேட்டில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டு வந்தேன்.

7. உலை இல்லாமல் தொழில் இல்லை. செய்த கேப்புகளைப் பெட்டியில் வைத்து, பேருந்தில் அலுங்காமல் மடியில் பிடித்தபடி, இன்னொருவர் பட்டறைக்குப் போய்ச் சுட்டு வாங்கிவந்தேன். தாமதமாகிறது என்று இரண்டு மருத்துவர்கள் விலகிக்கொண்டார்கள். பள்ளி வேன் ஓட்டும் என் கணவரிடம் யோசனை கேட்டேன். "நம்பரத்தான எடுக்கச் சொல்றாங்க. மச்சானையா எடுக்கச் சொல்றாங்க?" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. எண்ணை அழித்தேன். பெயரை அழித்தால் போதாது, பேசினாலும் கணக்கில் வரும் என்று பிறகுதான் உறைத்தது. பேச்சை நிறுத்தினேன். அவன் வீட்டுக்குப் போனால் கைபேசி காட்டிக்கொடுக்கும் என்று, இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போவதையும் நிறுத்தினேன். அவன் அழைக்கும்போது பெயரில்லாமல் எண் மட்டும் வரும். கைபேசிக்குத்தான் மறந்தது, எனக்கு மறக்கவில்லை. அடித்து ஓயும்வரை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் மாதம் மதிப்பெண் 558. மூன்றாம் மாதம் 583. என் கணவர் சொன்னதற்கு மாறாக, தம்பியையே எடுத்திருந்தேன் என்பது அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் இன்னும் பதினேழுதானே என்று இருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

8. ஒரு ஞாயிறு முற்பகல், பட்டறையின் பின்படி வழியாகத் தம்பி ஏறி வந்தான். நாற்பது நிமிட நடை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் அவனுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் கணவர் வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். கதவருகில் நின்று இரு கையையும் விரித்துக் காட்டி, "ஃபோன் எடுத்துட்டு வரலக்கா. பயப்படாத" என்றான். என் தம்பி கோபக்காரன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் மெழுகு சீவுவதைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் இன்னும் நாறுவதாகவும், முன்பு முப்பது பேர் உட்கார வந்த இடத்தில் இப்போது எட்டுப் பேர்கூடச் சேர்வதில்லை என்றும் சொன்னான். அங்கே உட்கார்ந்தால் மதிப்பெண் இறங்கும் என்ற செய்தி மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டதாம். அவர்களும் தவணையில் ஏதாவது வாங்கவேண்டியவர்கள்தாமே. அதன் பிறகு ஞாயிறுதோறும் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வந்தான். உடன்பிறந்தவளைப் பார்க்க அவன் கள்ளனைப்போல வந்துபோனதை நான் அனுமதித்தேன்.

9. இதோடு நின்றிருந்தால் இந்த மனுவை எழுதியிருக்கமாட்டேன். நான்கு கடிதத்தோடு அலுத்துப் போயிருந்தேன். சென்ற மாதம் தம்பி மகள் வந்தாள். எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு முடித்தவள். தொலைவில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வாடகைக்கு அறை கொடுப்பவர்கள் மதிப்பெண் கேட்கிறார்களாம். என் மேசை எதிரில் நின்று, "அத்தை, அப்பா நம்பர எடுத்ததும் உங்களுக்கு எவ்ளோ ஏறுச்சு?" என்று கேட்டாள். அவள் குரலில் வருத்தம் இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டாள். அவளுக்கு வயது இருபத்திரண்டு. எனக்கு விடை தெரிந்திருந்தது. நாற்பத்திரண்டு, ஐயா. என் தம்பியின் விலை நாற்பத்திரண்டு மதிப்பெண். அதை அவன் மகளுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

10. அவள் போனதும் எண்ணைத் திரும்பப் பதிந்து அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். "என்னக்கா, ஸ்கோர் ஏறிடுச்சா?" என்றான். "இல்லடா, எறக்கிட்டேன்" என்றேன். அவன் மகளிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவளை அழைத்து, நான் செய்தது தவறு என்றும் அவள் செய்யவேண்டாம் என்றும் சொன்னேன். "அப்ப ரூமுக்கு என்ன பண்றது அத்தை?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதை அப்படியே தங்களிடம் அனுப்புகிறேன்.

11. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து செய்யவேண்டியவை:

(அ) என் மதிப்பெண்ணுக்கு எந்தெந்தத் தகவல்கள், யார் யாரிடமிருந்து பெறப்பட்டன என்று அந்த நிறுவனத்திடம் கேட்டு எனக்குத் தெரிவிக்க வேண்டும்.

(ஆ) குடிநீர் அலுவலகத்தின் முன் உட்கார்ந்தவர்கள் பற்றிய பதிவு எந்த அரசு அலுவலகத்திலிருந்தாவது வெளியே போனதா என்பதற்கு, ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் நிறுவனத்திடமிருந்தே ஏற்கெனவே இரண்டு வந்திருக்கிறது.

(இ) போயிருந்தால், எந்தச் சட்டப்படி என்று சொல்ல வேண்டும். போகவில்லையென்றால், அதையும் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும். நான் அதைக் குடியிருப்பில் எல்லோருக்கும் காட்டுவேன். உட்கார வராமல் நின்றுவிட்டவர்களுக்கு அது உதவும்.

(ஈ) தம்பி மகள் வருகிற முதல் தேதி வேலையில் சேர வேண்டும். அதற்குள் ஏதாவது ஒரு பதில்.

எனக்கு உலை வாங்கித் தரும்படி கேட்கவில்லை. அதை வேறு வழியில் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த மனுவைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுவந்திருக்கிறேன். தம்பியும் உடன் வந்திருக்கிறான். இருவர் கைபேசியும் அணைக்கப்படாமல் எங்களிடமே இருக்கின்றன. இன்று முற்பகல் இவ்விருவரும் இந்த வாசலில் கூடினார்கள் என்று எங்காவது பதிவாகுமானால், மனு கொடுக்க வந்தார்கள் என்பதையும் அதன் பக்கத்தில் சேர்த்து எழுதச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையொப்பம் மூடிய உறையிலுள்ள பெயருக்கு உரியது)

நாள்: பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை
இடம்: தங்கள் அலுவலகக் கீழ்த்தள வரவேற்பறை

இணைப்பு: காரணக் குறிப்புத் தாள் நகல், தவணை கட்டிய சான்றுகள், திருப்பி அனுப்பப்பட்ட மனு, மூடிய உறை ஒன்று.