ஐந்து நாளுக்கு ஒரு வீடு

திருமழபாடி
6.10.1999

அன்புள்ள பரிமளாவுக்கு,

அண்ணி அம்சவள்ளி எழுதுவது. இங்கே நானும் மகள் சத்யாவும் சுகமாக இருக்கிறோம். உன் அண்ணன் இருக்கிறார். பிலாயில் நீயும் அறிவரசன் அண்ணனும் வெற்றிச்செல்வியும் சௌக்கியமாக இருக்க இந்த ஊர் வைத்தியநாத சாமி துணை இருக்கட்டும்.

போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் பூத்தில் மீட்டர் ஓட ஓட நீ அழுகிறாய், நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், கடைசியில் "சரி அண்ணி, வெச்சிடுறேன்" என்கிறாய். போன தடவை நாற்பது ரூபாய்க்கு நீ அழுததுதான் மிச்சம். எனக்கு அழுகை வருவதில்லை. வந்திருந்தாலாவது காசு பாதி பாதியாகப் போயிற்று என்று ஆறுதல் பட்டிருக்கலாம். அதனால்தான் வெள்ளைத்தாள் வாங்கிவந்து எழுதுகிறேன். நீயும் நிதானமாக உட்கார்ந்து, அறிவரசன் அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

விஷயம் வீடு மாற்றுவது பற்றியது. நாங்கள் குடியிருக்கும் ஆற்றங்கரைத் தெரு உனக்குத் தெரியும். கோயிலுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஒரே வரிசை. எந்தக் காலத்திலோ கட்டியவை, ஒரு வீட்டுச் சுவரில்தான் அடுத்த வீடு நிற்கிறது. வீட்டுக்காரம்மா ஜெகதாம்பாளுக்கும் எங்களுக்கும் ஒரே கூரை, ஒரே முற்றம். ஆடி மாதம் உன் அண்ணனைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று அனுப்பினார்கள் அல்லவா? அதற்கு மறுநாள் அந்த அம்மாள் ஒரு சொம்பு மோரும் பஞ்சாங்கமுமாக வந்து உட்கார்ந்தார்.

நீ அங்கே போய் இருபது வருடமானதில் மறந்திருக்கலாம், அதனால் சொல்கிறேன். அவிட்டம் பின்பாதியில் தொடங்கி ரேவதி முடிகிற வரைக்கும் அடைப்பு. அந்த ஐந்து நாளில் ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால் ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப் போட வேண்டும். எங்கள் பகுதியைப் பூட்டினால் அவர் பகுதியையும் சேர்த்துத்தான் பூட்ட வேண்டும். "ஒங்கள காலி பண்ணச் சொல்லல ஆயா. மாசத்துல அந்த அஞ்சு நாளு மட்டும் அவர வேற எங்கயாச்சும் வெச்சிரு. மத்த நாளு என் புள்ள மாதிரி இங்க இருக்கட்டும்" என்றார்.

அவர் புருஷன் சதயத்தில் போனவர். வீட்டைப் பூட்டிவிட்டு இந்த அம்மாள் ஆறு மாதம் மகள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்தாராம். மருமகன் போட்ட சோற்றைச் சொல்லிக் காட்டியிருக்கிறான். மறுபடி அப்படிக் கிடக்க முடியாது என்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. யாரையும் குறை சொல்ல இப்போது எனக்குத் தெம்பும் இல்லை.

உள்ளே படுத்திருந்த உன் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "பொம்பளைங்களுக்கு மூணு நாளுதான் தூரம், எனக்கு அஞ்சு நாளா?" என்றார். ஜெகதாம்பாள் சிரித்துக்கொண்டே அழுதார். நான் மோரை டம்ளரில் ஊற்றி உன் அண்ணனுக்குப் புகட்டினேன்.

ஆவணியில் முதல் தடவை போனோம். பிச்சைமுத்து தன் வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகையைக் கொடுத்தார். அவர் மோட்டாரில் காயில் எரிந்தபோதெல்லாம் உன் அண்ணன்தான் கட்டிக் கொடுத்தவர், அந்த நன்றி. கட்டிலை நாலு பேர் தூக்கிவந்தார்கள். போன மறுநாளே படுத்தபடி மோட்டார் சத்தத்தைக் கேட்டு, பேரிங் போகப்போகிறது என்று சொல்லி, பிச்சைமுத்துவை விரட்டி மாற்ற வைத்தார். அந்த ஐந்து நாளும் முகம் தெளிவாக இருந்தது. திரும்பி வந்தபோது ஜெகதாம்பாள் வீட்டைக் கழுவிவிட்டு ரசம் வைத்திருந்தார்.

புரட்டாசியில் மழைக்கு அந்தக் கொட்டகையின் சுவர் ஒன்று விழுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஆற்றங்கரையில் கருமாதி செய்கிற மண்டபத்துக்குப் போனோம். "முன்கூட்டியே வந்து எடம் புடிச்சுட்டேன்" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். மூன்றாம் நாள், விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு குடும்பத்தார் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தார்கள். கட்டிலில் ஒரு ஆளைப் பார்த்ததும் திகைத்துப் போனார்கள். விவரம் சொன்னேன். அந்த வீட்டுப் பெண் எங்களுக்கும் இலை போட்டாள். மாதக்கணக்கில் சோறு இறங்காத மனிதர் அன்றைக்கு இரண்டு வடை தின்றார் பரிமளா. இன்னொன்று இருக்குமா என்று வேறு கேட்டார். யாரோ செத்த வீட்டு வடை. எனக்கு அதைப் பார்த்து வெட்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. தின்கிறாரே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கட்டி எடுத்து வைக்க எனக்கு அரை மணி நேரம் போதும். ஸ்டவ், இரண்டு பாத்திரம், பேசின், ரப்பர் ஷீட், மருந்துப் பை, அவர் ரேடியோ. ஊரில் யாராவது வீடு மாற்றுவதென்றால் என்னைக் கூலிக்குக் கூப்பிடலாம்.

இந்த மாதம் இருபதாம் தேதி புதன்கிழமை காலையில் ஆரம்பிக்கிறது. ஞாயிறு மதியம் வரை. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, மண்டபத்தின் கீழ்ப்படிகள் இப்போதே தெரியவில்லை. ஐப்பசி மழையும் சேர்ந்தால் அங்கே கால் வைக்க முடியாது. கொட்டகையை அறுவடைக்குப் பிறகுதான் எடுத்துக் கட்டுவார்கள்.

அதனால் பத்து நாளாக வீடு தேடி அலைந்தேன். அரியலூரில் ரயிலடிப் பக்கம் ஒரு வீடு அமைந்தது. வீட்டுச் சொந்தக்காரர் அட்வான்ஸ்கூடக் கையில் வாங்கிவிட்டார். உங்கள் வீட்டுக்காரர் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டுமே என்றார். அவரால் வர முடியாது என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, காபி வாங்கிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து ஏற்றிவிட்டார். நல்ல மனிதர்தான். பெரம்பலூரில் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சாமர்த்தியம் வந்திருந்தது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அந்தம்மாள் சந்தோஷமாகச் சரி என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசிக்கிறேன், மஸ்கட்காரர் கயிற்றுக் கட்டிலில் வந்து இறங்கினால் என்ன சொல்வது என்று. சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் பூத்துக்குப் போய் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். துறைமங்கலத்தில் உன் புது வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி என்னிடம்தான் இருக்கிறது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போய்க் கூட்டித் துடைத்துவிட்டு வருகிறேன். அங்கே போர்வெல் மோட்டாரை இறக்கியதும் உன் அண்ணன்தான், வைகாசியில், நடமாட்டமாக இருந்தபோது. நான் கேட்காமலே அவரைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கலாம், உனக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அது உன் வீடு. குடிபோய் ஒரு நாள்கூட நீ அதில் முழுதாகத் தூங்கவில்லை.

செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். வேன்காரர் போக வர ஆயிரத்து இருநூறு கேட்கிறார். அரியலூரைச் சுற்றி சிமெண்ட் லாரிகள் ஓடி ரோடு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, மெதுவாக ஓட்டினால்தான் அவர் உடம்பு தாங்கும், அதனால் பேரம் பேசவில்லை. காயில் சுற்றும் மெஷினை விலைக்குக் கேட்டிருக்கிறார்கள். அதில் வேனும் ஆகிவிடும், பிறகு உன் வீட்டுப் பின்பக்க அறைக்கு வெள்ளையடித்துக் கொடுக்கவும் ஆகிவிடும். அந்த ஐந்து நாளுக்கு அந்த அறை மட்டும் போதும், அதற்குத் தனி வாசல் இருக்கிறது. சாமி அறைப் பக்கம் போக மாட்டோம். சமையலை வெளியே கொட்டகை போட்டு வைத்துக்கொள்கிறேன்.

உனக்கு என்ன நஷ்டம் என்பதையும் நானே எழுதிவிடுகிறேன். அந்த ஐந்து நாளில் ஏதாவது ஆகிவிட்டால் வீடு ஆறு மாதம் பூட்டு. தையில் வெற்றிச்செல்வியின் நிச்சயத்தை அங்கே வைக்க முடியாது, மண்டபம் பார்க்க வேண்டும். சம்பந்தி வீட்டில் கேள்வி வரும். உன் மாமியார் என்ன சொல்வார் என்பது உனக்கே தெரியும். இத்தனையையும் யோசித்துத்தான் பத்து நாளாக இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட்டேன். முடியாது என்று நீ எழுதினால் எனக்கு வருத்தம் இருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன், எதற்குமே வருத்தப்படத் தெரியாமல்தான் இருக்கிறேன் இப்போது.

உன் அண்ணனுக்கு இந்தக் கடிதம் தெரியாது. ஒரு தடவை அந்த வீட்டுப் பேச்சை எடுத்தபோது அவர் மறுத்துவிட்டார். "புது வூட்டுல முத சாவு என்னுதா இருக்கணுமா? ஆறு மாசத்துல கதவத் தொறந்துடுவாங்க. ஆனா பரிமளா அந்த ரூமத் தாண்டுறப்பல்லாம் நான்ல படுத்திருப்பேன்" என்றார். உன் எட்டு வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தவர், உனக்குப் பாரமாகிவிடுவோமோ என்று பயப்படுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தபோது, பத்தொன்பதாம் தேதிக்குள் முடிந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தேன். கட்டின பெண்டாட்டி, நானே நினைத்தேன். நினைத்தபிறகு நெஞ்சு படபடக்கவும் இல்லை. மிச்சப் பாத்திரத்தையும் விளக்கிக் கவிழ்த்துவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் கஞ்சியைத் தள்ளிவிடுகிறார். நோய் முற்றியதால் என்றுதான் நினைத்தேன். தினமும் காலையில் சத்யாவைக் கூப்பிட்டு, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கிறார். அவள் சொன்னதும் விரல் மடக்கி எண்ணுகிறார். நேற்று டம்ளரை அவர் வாயருகில் வைத்துக் கெஞ்சினேன். "பத்தொம்போதுக்குள்ள ஆயிடுச்சுன்னா ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல வள்ளி. வேன் காசும் மிச்சம்" என்றார்.

பரிமளா, நான் நினைத்ததை அவர் செய்துகொண்டிருக்கிறார். நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் என் முகத்தில் படித்துவிட்டாரோ என்று இருக்கிறது. எனக்கு அவர் வேண்டும். இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம், எத்தனை நாள் வருமோ அத்தனையும் வேண்டும். மாதா மாதம் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் எங்காவது குடியேற நான் தயாராக இருக்கிறேன். அதைச் சொன்னால், தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிக்கிறார், நம்பவில்லை.

வீட்டைப் பற்றி என்ன முடிவானாலும் எனக்குத் தனியாக எழுது. தந்தி கொடுத்துவிடாதே, தந்திக்காரரைப் பார்த்தால் தெருவே எங்கள் வீட்டில் கூடிவிடும். இன்றைக்கு இதைத் தபாலில் சேர்த்தால் உன் பதில் பதினெட்டுக்குள் வந்துவிடும் என்று போஸ்ட்மேன் சொல்கிறார். இல்லையென்று நீ சொன்னால் நான் வேறு இடம் தேடுவேன், கிடைக்காமலா போய்விடும்?

அறிவரசன் அண்ணனுக்கு என் வணக்கம். வெற்றிச்செல்வி தீர்க்காயுசாக, பதினாறும் பெற்று நிறைந்து வாழட்டும். அவள் தலையில் கை வைத்து நான் சொன்னதாகச் சொல்.

உன் பதிலோடு ஒரு துண்டுத்தாளில் உன் அண்ணனுக்கு ரெண்டு வரி எழுதி வை. வீட்டைப் பற்றி அதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். கஞ்சியைக் குடி அண்ணா, அவசரம் ஒன்றும் இல்லை என்று எழுது.

இப்படிக்கு,
உன் அண்ணி
ம. அம்சவள்ளி